சைக்கிள் கேள்வி பதில்: ஓரத்தை விட்டு உள்ளே வாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன. நெரிசலான ரோட்டில் எந்த இடத்தில் ஓட்டுவது, பின்னால் வருகிறவர் கத்தினால் என்ன செய்வது. அதனால் கியர், டயர், செயின் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன் சார். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று இடது ஓரத்தை ஒட்டியே போகிறேன். ஆனாலும் பஸ்ஸும் வேனும் முழங்கையை உரசுகிற மாதிரி போகின்றன. இன்னும் எவ்வளவுதான் ஓரமாகப் போவது? (வேளச்சேரி வாசகர்)

இன்னும் ஓரமாகப் போகாதீர்கள். ஓரமாகப் போவதால்தான் உரசிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முறையாகப் போட்ட ஒரு லேன் 3.5 மீட்டர் அகலம், நம் ஊரில் பல இடங்களில் அதுவும் இருக்காது. பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர், பக்கவாட்டுக் கண்ணாடி அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் சைக்கிள் கைப்பிடி 60 சென்டிமீட்டர். சக்கரம் ரோட்டின் விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி ஓடுகிறது என்றால் கைப்பிடியின் வலது முனை 60 சென்டிமீட்டரில் நிற்கும். மிச்சம் 2.9 மீட்டர். பின்னால் வரும் டிரைவர் பார்க்கிறார், பஸ் நுழைந்துவிடும் போலத் தெரிகிறது, நுழைத்துவிடுகிறார். உங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே கண்ணாடியையும் சேர்த்து ஓரடிதான் இருக்கும். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் தட்டினால் அந்த ஓரடி போதாது.

அதே லேனில் சக்கரத்தை விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து ஓட்டுங்கள். இப்போது மிச்சம் 2.2 மீட்டர். பஸ் நுழையாது என்பது தூரத்திலேயே டிரைவருக்குத் தெரிந்துவிடும். காத்திருப்பதா, வலது லேனுக்கு ஒதுங்கி முந்துவதா என்பதை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வந்து முடிவு செய்யாமல் முப்பது நாற்பது அடி பின்னாலேயே முடிவு செய்துவிடுவார். பாதுகாப்பு என்று நான் சொல்வது இதைத்தான். உங்களை முந்துகிறவர் ஒரு முடிவெடுத்து முந்த வேண்டும், ஏதோ இடுக்கு தெரிந்தது என்று முந்தக் கூடாது.

இன்னொன்று, அந்த இடது ஓரத்தில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். மணல், உடைந்த பாட்டில், மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, அதில் கம்பிகள் ரோட்டோடு இணையாகப் போட்டிருந்தால் மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தகரத் தடுப்பின் கான்கிரீட் கால்கள் ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும்விட மோசமானது தார் விளிம்பு. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு விளிம்பு மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். ஹாரன் சத்தத்துக்குப் பயந்து சக்கரத்தைக் கீழே இறக்கிவிட்டு, பஸ் போனதும் ஓடுகிற ஓட்டத்திலேயே சாய்வாக மேலே ஏற்றப் பார்ப்பார்கள். முன்சக்கரம் விளிம்பிலேயே வழுக்கிக்கொண்டு போகும், சைக்கிள் இடது பக்கம் போக ஆள் வலது பக்கம், அதாவது ரோட்டுக்குள் விழுவார். ஒருவேளை இறங்கிவிட்டால் நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அரை நிமிடம்தான் ஆகும்.

பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தியபோது இதையெல்லாம் எழுத்திலேயே வைத்தார்கள். அமைதியான தெருவிலும், மெதுவாக நகரும் நெரிசலிலும், சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிள்காரர் லேனின் நடுவில் போகலாம், வேகமான ரோட்டில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் விட வேண்டும், முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி தர வேண்டும் என்று. நல்ல விதி. ஆனால் அதை அப்படியே வேளச்சேரி மெயின் ரோட்டில் கொண்டுவந்து வைக்க முடியாது, ஏனென்றால் பிரிட்டனில் முந்துகிறவர் வலது பக்கம்தான் வருவார். இங்கே லேனின் நடுவில் போனால் டூவீலர்கள் இரண்டு பக்கமும் வரும், இடது பக்கம் வருகிறவர் உங்களைத் தாண்டியதும் குறுக்கே வெட்டுவார். அதனால்தான் லேனின் நடு என்று சொல்லாமல் ஒரு மீட்டர் என்கிறேன். பஸ்ஸைத் தடுக்க அது போதும். தடுப்பு வைத்து ரோட்டைக் குறுக்கியிருக்கும் இடத்தில் மட்டும் தயங்காமல் நடுவுக்கு வாருங்கள், தாண்டியதும் மறுபடி ஒதுங்குங்கள். நிறுத்தி வைத்த கார் வரிசையைத் தாண்டும்போதும் கதவு திறக்கிற அளவுக்கு இடம் விட்டுப் போங்கள், காருக்குக் கார் இருக்கும் இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

உள்ளே வருவதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும், இது பழக வேண்டிய வித்தை. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி திரும்பினால் 4 மீட்டர் ஓடியிருப்பீர்கள், தலை போன பக்கமே கைப்பிடியும் போகும். காலி மைதானத்தில் ஒரு கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கோட்டை விட்டு விலகாமல் இருக்கிறீர்களா என்று பழகுங்கள். அப்புறம் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் திரும்பி முகத்தைப் பார்த்த டிரைவர் பெரும்பாலும் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்.

ஆனால் வண்டிகள் அறுபது எழுபதில் பறக்கிற மேம்பாலத்திலோ புறவழிச் சாலையிலோ இந்த முறையைப் பிடிவாதமாகக் கடைப்பிடிக்க வேண்டாம். அவ்வளவு வேகத்தில் வருகிறவருக்கு உங்களைப் பார்த்து முடிவெடுக்க நேரம் போதாது. பாலத்தின் கீழே சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள், சுற்றாக இருந்தாலும் சரி.

கேள்வி: சிக்னலில் நேராகப் போக வேண்டும். இடது ஓரத்தில் நின்றால் ஃப்ரீ லெஃப்ட் போகிறவர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே கொல்கிறார்கள். எங்கேதான் நிற்பது? (அண்ணா நகர் வாசகர்)

நேராகப் போகிறவர்கள் நிற்கும் இடத்தில்தான். சந்திப்புக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்னாலேயே பின்னால் பார்த்து, வலது கையை நீட்டி, இடது திரும்பும் வண்டிகளின் பாதையை விட்டு ஒரு லேன் உள்ளே வந்துவிடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். ஓரத்திலேயே நின்றால் இரண்டு ஆபத்து. ஹாரன் ஒன்று. இன்னொன்று, பச்சை விழுந்து நீங்கள் நேராகக் கிளம்பும்போது பக்கத்தில் நின்ற வண்டி இடது பக்கம் வெட்டித் திரும்பும். அது லாரியாகவோ தண்ணீர் டேங்கராகவோ இருந்தால், முன்சக்கரம் உங்களைத் தாண்டிப் போய்விட்டதே என்று நினைக்கும்போது பின்சக்கரம் உள்வாங்கி உங்கள் மேல் வரும். நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, மூலையை ஒட்டி உள்ளே வெட்டும். டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியில் தெரியவே தெரியாது.

பச்சை விழுந்ததும் டூவீலர் கூட்டம் மொத்தமாகப் பாயும். அந்த முதல் பாய்ச்சலோடு போட்டி போடாதீர்கள். ஐந்தாறு நொடி விட்டால் அது கரைந்துவிடும், அப்புறம் வரும் இடைவெளி உங்களுக்குப் போதும்.

வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் பெரிய சந்திப்பில் ரோட்டின் நடுவுக்குப் போகவே வேண்டாம். நேராகக் கடந்து, எதிர் மூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு அடுத்த பச்சைக்கு அந்தப் பக்கத்து வண்டிகளோடு போங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு ஜீப்ரா கிராஸிங்கில் கடந்தாலும் தப்பில்லை.

கேள்வி: ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். பின்னால் என்ன வண்டி, எவ்வளவு பக்கத்தில், வேகம் எடுக்கிறதா குறைக்கிறதா என்பதில் பாதியைக் காதுதான் சொல்கிறது. சத்தமில்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர்கள் கூடிவிட்ட இந்தக் காலத்தில் இருக்கிற சத்தத்தையாவது விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி: போன வாரம் ஒரு கார்க்காரர் என்னை ஒட்டி வந்து கண்ணாடியை இறக்கி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த சிக்னலில் அவர் நின்றபோது நான் போய்க் கேட்டேன், அவர் இறங்கி அடிக்கவே வந்துவிட்டார். நான் பெண் என்பதால் கூட்டம் கூடியது, அவர் போய்விட்டார். நான் கேட்டது தப்பா சார்? (திருச்சி வாசகி)

கேட்டது தப்பே இல்லை அம்மா. கேட்ட இடம் உங்களுக்குச் சாதகமான இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கிறீர்கள். கோபம் வந்த மனிதரின் கால் ஆக்ஸிலரேட்டர் மேல் இருக்கும்போது நியாயம் பேசுவது ஆபத்து.

முதலில் ஹாரனையும் கோபத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நம் ஊரில் சின்னதாக ஒன்றிரண்டு தடவை அடித்தால் "வருகிறேன், நேராகவே போ" என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது விலகாமல் அதே கோட்டில் போவது. பதறி இடது பக்கம் ஒடித்தால்தான் சிக்கல். விடாமல் நீட்டி அடித்துக்கொண்டு பின்னாலேயே ஒட்டி வந்தால் அது வேறு. அப்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டி, நல்ல இடம் வந்ததும் நீங்களாகவே ஒதுங்கி நின்று அவரைப் போக விட்டுவிடுங்கள். இதில் தோற்றுப்போனதாக எதுவும் இல்லை. பின்னால் கொதித்துக்கொண்டு வருகிற ஆளைவிட முன்னால் போய்விட்ட ஆள் எவ்வளவோ மேல், கண்ணுக்கு முன்னாலாவது இருப்பார்.

காரின் பக்கவாட்டில் கையால் தட்டாதீர்கள். உரசிக்கொண்டு போகிறவரை எச்சரிக்கத் தட்டத்தான் தோன்றும், எனக்கும் புரிகிறது. ஆனால் தட்டின சத்தம் கேட்ட மாத்திரத்தில் அவர் உங்களை மறந்துவிட்டு வண்டியின் பெயின்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், கூடுகிற கூட்டமும் அதையே பேசும். கெட்ட வார்த்தையும் வேண்டாம், கையால் சைகையும் வேண்டாம். வாய் திறந்து "ஓய்" என்று உரக்க ஒரு சத்தம் கொடுங்கள், சைக்கிள் மணியைவிட அது நன்றாகக் கேட்கும்.

ஆள் விடாமல் துரத்தினால் தனியாக ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பெட்ரோல் பங்க், டீக்கடை, மருந்துக்கடை என்று ஆள் இருக்கும் இடமாகப் பார்த்து ஏறி நின்றுவிடுங்கள். பதிவு எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றுங்கள். 112-க்கு அழைக்கலாம், பெண்களுக்கு 181 இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் போட்டு வையுங்கள். நிதானமாக ஓட்டினவரை வேண்டுமென்றே ஒடித்து நெருக்குவது சும்மா விடுகிற விஷயமும் இல்லை. பொது வழியில் கண்மண் தெரியாமல் ஓட்டுவதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆம் பிரிவு இருக்கிறது. எண், நேரம், இடம், முடிந்தால் எதிர்க்கடையின் சிசிடிவி, இவ்வளவும் வைத்துக்கொண்டு புகார் கொடுத்தால் அதற்கு ஒரு பலம் இருக்கும். சிக்னலில் நின்று நீங்கள் கேட்க நினைத்த கேள்வியை ஸ்டேஷனில் போலீஸ்காரர் கேட்கட்டும்.

கேள்வி: நான் டவுன் பஸ் டிரைவர் சார். எங்களைப் பற்றியே எல்லோரும் குறை எழுதுகிறீர்கள். ஸ்டாப்பில் ஆள் இறங்கும்போது இடது பக்கம் படிக்கட்டை ஒட்டி சைக்கிள் நுழைகிறது. நான் பார்ப்பதா, கண்டக்டர் பார்ப்பதா, இறங்குகிற பாட்டி பார்ப்பதா? (கோவை வாசகர்)

நீங்கள் எழுதியதற்கு நன்றி அண்ணா, உங்கள் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம். நிற்கிற பஸ்ஸின் இடது பக்கம் சைக்கிள் போகவே கூடாது. இறங்குகிறவர் பின்னால் பார்த்துக்கொண்டு இறங்க மாட்டார், அவர் மேல் உரிமையோடு மணி அடிப்பதில் அர்த்தமே இல்லை. பஸ் நின்றால் பின்னாலேயே நில்லுங்கள், அல்லது பின்னால் பார்த்துவிட்டு வலது பக்கம் நல்ல இடைவெளி விட்டு முந்துங்கள். வலது இண்டிகேட்டர் போட்டுவிட்டாலோ, முன்சக்கரம் திரும்பத் தொடங்கிவிட்டாலோ அதுவும் வேண்டாம். டிரைவர் உட்காரும் இடத்திலிருந்து பஸ்ஸின் இடது பின் மூலை எவ்வளவு தெரியும் என்று சைக்கிள் ஓட்டுகிற ஒவ்வொருவரும் நின்ற பஸ்ஸில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தால் நல்லது.

பதிலுக்கு உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஸ்டாப்புக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது சைக்கிளை முந்தி, முந்திய கையோடு இடது பக்கம் ஓரங்கட்டுவது. சைக்கிள்காரருக்கு மிகவும் பயமான இடம் அதுதான். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார், பிரேக் பிடித்தால் வழுக்கும், பிடிக்காவிட்டால் படிக்கட்டில் மோதுவார். ஒரு ஐந்து நொடி அவர் பின்னால் வந்தால் உங்கள் டைமிங் கெட்டுவிடாது. டைமிங்குக்காக நிர்வாகம் உங்களை எப்படி விரட்டுகிறது என்பதும் தெரியும், அந்தக் கோபத்தை ரோட்டில் இறக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மகள் பதினோராம் வகுப்பு. அரசு கொடுத்த சைக்கிளில் மாநில நெடுஞ்சாலை வழியாகப் பள்ளிக்குப் போகிறாள். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும் என்று வலது பக்கமாகவே போகச் சொல்லியிருக்கிறேன். சரிதானா? (விருதுநகர் மாவட்ட வாசகர்)

தயவுசெய்து மாற்றுங்கள். நடந்து போகிறவருக்குத்தான் எதிர்ப்பக்கம் நல்லது, சைக்கிளுக்கு இல்லை. லாரி 50-ல் வருகிறது, மகள் 15-ல் போகிறாள் என்றால் ஒரே திசையில் போகும்போது வேக வித்தியாசம் 35. எதிரெதிரே என்றால் 65. டிரைவருக்கு யோசிக்கக் கிடைக்கிற நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பக்கத்துச் சாலையிலிருந்து ஏறுகிறவர் வண்டி வருகிற பக்கம்தான் பார்ப்பார், எதிர்ப்பக்கம் வரும் சைக்கிளைப் பார்க்கவே மாட்டார்.

இடது பக்கமே போகட்டும், தார் விளிம்புக்குள் ஓரடிக்குக் குறையாமல். நெடுஞ்சாலையில் கெட்டியான மண் ஓரமோ தார் போட்ட ஓரப்பட்டையோ இருந்தால் அதிலேயே போகலாம். தோழிகளோடு போகும்போது பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லுங்கள், கூட்டமாகப் போவது நல்லதுதான், தூரத்திலேயே தெரியும். புத்தகப் பையைக் கைப்பிடியில் மாட்டக் கூடாது, கேரியரில் கட்டட்டும். துப்பட்டா, தாவணி முனை செயினில் போகாமல் முடிந்துகொள்ளட்டும். கார்த்திகை மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பிள்ளைக்குப் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதிய எல்லாவற்றையும்விட அந்த விளக்குதான் அவளுக்கு முக்கியம்.

கேள்வி: கார் இடித்து விழுந்தேன். டிரைவர் இறங்கி மன்னிப்புக் கேட்டு, ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரிதான் மணிக்கட்டு வீங்கியது. இப்போது என்ன செய்வது? (தாம்பரம் வாசகர்)

முதலில் எக்ஸ்ரே எடுங்கள். விழுந்த சூட்டில் வலி தெரியாது, எலும்பில் விரிசல் இருந்தாலும் எழுந்து நடந்துவிடுவோம், அதனால்தான் அந்த இடத்திலேயே காசு வாங்கிக்கொண்டு முடித்துவிடக் கூடாது என்கிறேன். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த மருத்துவமனை எது என்று 108-ல் கேட்டாலே சொல்வார்கள். விபத்தில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள், "கீழே விழுந்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது போலீஸ். வண்டி எண் தெரிந்தால் அந்தக் காரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து உங்களுக்கு இழப்பீடு கிடைக்க வழி உண்டு. சைக்கிள்காரரும் மூன்றாம் நபர்தான், உங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும், சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதக் கெடு இருப்பதால் தள்ளிப் போடாதீர்கள். எண் தெரியாமலே போய்விட்டாலும், இடித்துவிட்டு ஓடியவர் வழக்குகளுக்கு மத்திய அரசின் திட்டத்தில் கடுமையான காயத்துக்கு 50,000 ரூபாய் இருக்கிறது. அதற்கும் போலீஸ் பதிவு வேண்டும்.

சைக்கிளை இப்போதே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள். கோணிய சக்கரத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டு, விழுந்த இடத்துக்கு எதிரில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். பல கடைகளில் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.